சேயர்ஸின் மீதிக் கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, அந்தக் கால ஆங்கிலேய வெறுங்கைக் குத்துச்சண்டை வீரர் டாம் சேயர்ஸ் பற்றிய கட்டுரையை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 1860 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் அமெரிக்கர் ஹீனனோடு அவர் மோதிய சண்டையைக் கட்டுரையாளர் கண்முன்னே கொண்டுவந்துவிட்டார். எதிராளி ஏறக்குறைய அரை அடி கூடுதல் உயரம். ஆரம்பத்திலேயே வலது கை அடிபட்டு உதவாமல் போக, இடது கையை மட்டும் நம்பி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றிருக்கிறார் கொத்தனார் வேலை பார்த்த சேயர்ஸ். மகன் கைதட்டினான். கட்டுரையும் அதோடு முடிந்துவிட்டது. என் வருத்தம் அதுதான்.

என் அப்பா வாலிப வயதில் காட்பாடிப் பக்கம் திருவிழாக்களில் பந்தயம் கட்டி வெறுங்கையால் குத்துச்சண்டை போட்டவர். அவருடைய வலது கைச் சுண்டுவிரல் முட்டி உள்ளே அமுங்கியிருக்கும். தாமதமாகப் போய்ப் புத்தூர் கட்டுப் போட்டதால் எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. சோற்றை அள்ளும்போது அந்த விரல் மடங்காது. ரசம் அந்தப் பக்கமாக வழிந்து முழங்கை வரை ஓடும். பக்கத்து இலைக்காரர் பார்ப்பாரே என்று கல்யாண வீடுகளில் ரசமே வேண்டாம் என்றுவிடுவார். “தலையில குத்தினா நம்ம கைதான் போகும்” என்று அடிக்கடி சொல்வார். மண்டை எலும்பின் பலம் விரல் எலும்புக்கு ஏது?

சேயர்ஸ் 16 சண்டைகளில் ஒன்றில்தான் தோற்றார். அப்பேர்ப்பட்டவருக்கு, ஹீனன் சண்டைக்குப் பிறகு மக்களே சுமார் 3,000 பவுண்டு திரட்டினார்கள். இனி சண்டை போடவே கூடாது என்பது நிபந்தனை. கொண்டாடிய கூட்டமே போதும் என்று சொல்லியிருக்கிறது! இதையல்லவா பையன்களுக்குச் சொல்ல வேண்டும்? அப்புறம் குடி, சர்க்கரை நோய், காசநோய். 1865-ல் இறந்தபோது வயது 39. சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர் வளர்த்த லயன் என்ற நாய் தனி வண்டியில் பின்னால் வந்தது.

எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து போய் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வாங்கியவர் சதீஷ் சிவலிங்கம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உடம்பைத் தேற்றும் ஆசை இருப்பதில் எனக்குப் பெருமைதான். என் மகனும் குத்துச்சண்டை பழகுகிறான். கையில் பட்டி சுற்றி, உறை மாட்டித்தான் பழகுகிறான். ஆனால் 2018-ல் அமெரிக்காவில் அரசு அனுமதியோடு வெறுங்கைச் சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து அந்தக் காட்சிகள் இவன் வயதுப் பையன்களின் போனுக்கெல்லாம் வந்துவிடுகின்றன. உறை கோழைகளுக்கு என்று ஒரு பேச்சு வேறு. சரி, போனை எத்தனை நாளைக்குப் பிடுங்கி வைக்க முடியும்?

மீதிக் கதையையும் அடுத்த இதழில் போடுங்கள். லண்டன் ஹைகேட் கல்லறையில் சேயர்ஸின் சமாதி முன் அந்த நாய் கல்லில் படுத்திருக்கிறது. படம் கிடைத்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்