அறுவைச் சிகிச்சை குறித்து, மெல்பர்னில் இருக்கும் மகளுக்கு

மன்னார்குடி

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்தபின் என் கையெழுத்து வரி முடிவதற்குள் எறும்பளவாகச் சுருங்கிவிடுவதால், இக்கடிதத்தைக் கைப்பேசியிடம் சொல்லி எழுதுகிறேன். குரலும் தாழ்ந்துவிட்டதால் சில சொற்களை அது தன் விருப்பப்படி மாற்றிவிடுகிறது. அவற்றை அம்மா திருத்துகிறாள்.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையை இந்த ஆண்டே செய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறாய். இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பயமும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னே நிற்கும் காரணங்கள் வேறு.

சென்ற ஆண்டு நான் அங்கு வந்திருந்தபோது, உங்கள் ஊரிலேயே உருவாக்கப்பட்ட அந்த அசைவு பதியும் கடிகாரத்தை நரம்பியல் மருத்துவர் என் கையில் 6 நாள் கட்டிவிட்டது உனக்கு நினைவிருக்கும். மாத்திரை நேரம் வந்ததும் அது அதிரும். விழுங்கியபின் நான் அதைத் தொட்டுத் தெரிவிக்க வேண்டும். என் அசைவு எப்போது மந்தமாகிறது, எப்போது உடல் தன்னிச்சையாக நெளிகிறது என்பதை 2 நிமிடத்துக்கு ஒருமுறை அது கணக்கிட்டது. மருத்துவர் முன்னிலையில் கால் மணி நேரம் உட்காரும்போது எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்து நன்றாகவே நடந்துகாட்டிவிடுகிறேன். மீதி நாள் முழுவதும் என்ன நடக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல அதுவரை என் மறதியும் அம்மாவின் கவலையும் மட்டுமே இருந்தன. பகல் உணவோடு விழுங்கும் மாத்திரை மாலைவரை வேலை செய்யவே இல்லை என்பது அந்த அறிக்கையில்தான் தெரிந்தது. பருப்பிலும் தயிரிலும் உள்ள புரதம் அந்த மாத்திரையிலுள்ள லெவோடோபா என்ற மருந்தோடு போட்டியிட்டு அது உடலில் சேர்வதைத் தடுக்கும் என்றார்கள். இப்போது சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே விழுங்குகிறேன். பிற்பகலில் பாதி எனக்குத் திரும்பக் கிடைத்தது இப்படித்தான்.

இனி, நீ வற்புறுத்தும் மின்முனைச் சிகிச்சையான டி.பி.எஸ். 1987இல் பிரான்சின் கிரனோபில் நகரில் பெனபித் என்ற அறுவை மருத்துவர் நடுக்கத்துக்காகத் தொடங்கிவைத்த முறை இது. மெல்லிய கம்பிகளை மூளையின் ஆழத்தில் இறக்கி, காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் கருவியிலிருந்து மின்துடிப்பை அனுப்புகிறார்கள். பழைய கருவிகள் இரவும் பகலும் ஒரே அளவில் அனுப்பின. நீ குறிப்பிட்ட புதிய வகையோ, உடல் இறுகும்போது ஓங்கி, மருந்து பிடிக்கும்போது தணிகிற பீட்டா என்ற மின்னலைகளை மூளையிலிருந்தே கேட்டு, அதற்கேற்பத் தூண்டலைக் கூட்டிக் குறைக்கிறது. 2025இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் நடுக்கத்தை விட்டுவிட்டால், லெவோடோபாவுக்குக் கட்டுப்படும் அறிகுறிகளே பெரும்பாலும் இதற்கும் கட்டுப்படுகின்றன. எனக்கு நடுக்கம் கொஞ்சம்தான். என்னை வாட்டுபவை தாழ்ந்த குரலும் சமநிலைத் தடுமாற்றமும். இவை இச்சிகிச்சையால் பெரிதாகச் சீராவதில்லை, சிலருக்குப் பேச்சு இன்னும் குழறுவதும் உண்டு. சீக்கிரம் செய்துகொள்வதே நல்லது என்பதற்கு நீ அனுப்பிய 2013ஆம் ஆண்டின் ஜெர்மானிய, பிரெஞ்சு ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 60 வயதைத் தாண்டாதவர்கள் என்பதையும் கவனி. உன் அப்பாவுக்கு 68. கதவை அடைத்துவிடவில்லை, மாத்திரையின் நேரத்தை எவ்வளவு மாற்றியும் நாளைச் சமாளிக்க முடியாத நிலை வந்தால், நானே உன்னிடம் கேட்பேன்.

நிலைப்படியருகே கால் தரையோடு ஒட்டிக்கொள்வதற்கு அம்மா ஒரு வழி கண்டிருக்கிறாள். தரையில் குறுக்காக மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறாள், அதைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழுந்துவிடுகிறது. கைப்பேசியில் தாளம் தட்டும் செயலியும் உதவுகிறது, கச்சேரியில் ஒருநாளும் சரியாகத் தாளம் போடாதவனுக்கு.

திருச்சிக்கு அடிக்கடி போகாமல் மருத்துவரைக் காணொளியில் பார்ப்பது பெரிய நிம்மதி. விரல் தட்டுவதையும் நடையையும் அவர் அதிலேயே பார்த்துவிடுகிறார். கையை மடக்கி இறுக்கத்தை அறிய மட்டும் நேரில்தான் போக வேண்டும்.

நீ வாங்கி அனுப்பிய கைக்கடிகாரத்தை அணிகிறேன். அதன் பதிவுகள் மருத்துவருக்குப் போகட்டும். உன் கைப்பேசிக்கு வேண்டாம். நான் இரவில் எத்தனை முறை எழுந்தேன் என்பதை அங்கிருந்து பார்த்துவிட்டு நீ விடியுமுன் அழைப்பதும், அதைக் கேட்டு அம்மா பதறுவதும் என் நோய்க்கு மருந்தாகா. எப்படி இருக்கிறேன் என்று என்னிடமே கேள், மெதுவாகவேனும் சொல்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு மருத்துவருடன் காணொளிச் சந்திப்பு. உனக்கு அது பிற்பகல். நீயும் சேர்ந்துகொள். இரவு மாத்திரையை இன்னும் முன்னே கொண்டுவரலாமா என்று நீ கேள், என் குரல் அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. அறுவைச் சிகிச்சையின் செலவை மட்டும் அம்மா முன்னிலையில் எடுக்காதே.

அன்புடன்,
அப்பா