கை கொடுத்தவங்களுக்கும், கையைக் கட்டிக்கிட்டு நின்னவங்களுக்கும்

இதயத்துல பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நானே மாடிப்படி ஏறி இறங்குறேன், ஒவ்வொருத்தருக்கா தனியா நன்றி சொல்லணும்னு நெனச்சு நெனச்சு தள்ளிப்போகுது, அதான் மொத்தமா எழுதிடறேன். ஆபரேஷன் பண்ண டாக்டருக்குத்தான் முதல் கும்பிடு. ஆனா அவர் வேலை நான் மயக்கத்துல கெடக்கும்போதே முடிஞ்சிருச்சு, கண்ணு முழிச்சப்புறம் பட்ட பாட்டுக்கு கூட நின்னவங்க வேற ஆளுங்க.

ஐசியூல என்னைப் புடிச்சு சேர்ல உக்கார வச்ச நர்ஸ் பொண்ணு, அன்னைக்கு உன்னை மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்லம்மா. படுத்தே கெடந்தா நுரையீரல்ல சளி கட்டி நிமோனியாவுல கொண்டு விட்டுரும்னு நீ சொன்னது அப்ப காதுல ஏறல. இருமல் வந்தா தலையணையை நெஞ்சோட இறுக்கிக் கட்டிக்கிட்டு இருமணும், மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்குற அந்த மூணு பந்து டப்பாவை ஊதக்கூடாது, மூச்சை உள்ள இழுக்கணும்னு சலிக்காம சொல்லிக் கொடுத்தியே, நல்லா இருப்பே.

அடுத்தது ஒரு பெரிய நர்சம்மா. இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன், எங்களை மாதிரி வயசான பொம்பளைங்க யார்கிட்ட போய் கேப்பாங்க. மார்போட கனம் தையலை ரெண்டு பக்கமும் இழுக்கும், அதனால முன்பக்கம் கொக்கி வச்ச, கம்பி இல்லாத மெத்துனு இருக்குற பிராவைத் தூங்கும்போதும் போட்டுக்கங்கன்னு அவங்கதான் சொன்னாங்க, போட்டதுக்கப்புறம் வலி பாதியாச்சு. இடது பக்கம் மரத்துப்போய் சுருக் சுருக்குனு குத்துனப்ப மறுபடியும் அட்டாக்கோன்னு நடுங்கிட்டேன். பரிசோதிச்சுப் பார்த்துட்டு, நெஞ்சுக்கூட்டுக்கு உள்பக்கம் ஓடுற ரத்தக்குழாயை எடுத்து இதயத்துல தைச்சிருக்காங்க, அங்க இருக்குற நரம்பு அசைஞ்சா இப்படித்தான் சில மாசம் இருக்கும்னு பொறுமையா சொன்னதும் அவங்கதான்.

பிசியோ தம்பிக்கு ஒரு பக்கமே எழுதலாம். நெஞ்செலும்பை அறுத்து ஸ்டீல் கம்பியால கட்டியிருக்கு, அது நல்லா ஒட்ட 6லேந்து 12 வாரம் ஆகும், அதுவரைக்கும் கையை ஊனி எந்திரிக்கக்கூடாதுன்னுட்டாரு. இந்த வயசுல கையை ஊனாம எந்திரிக்கத் தொடையில பலம் எங்க இருக்கு? சேர் நுனிக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னால இழுத்து, முன்னால சாய்ஞ்சு எந்திரின்னு திரும்பத் திரும்பப் பண்ண வச்சாரு. பல்ஸ் பார்த்து நடக்கலாம்னா நான் சாப்புடுற பீட்டா பிளாக்கர் மாத்திரை பல்ஸை ஏற விடாதாம், அதுக்கு 6லேந்து 20 வரைக்கும் நம்பர் போட்ட ஒரு அட்டை வச்சிருந்தாரு, எவ்வளவு சிரமமா இருக்குன்னு நாமளே நம்பர் சொல்லணும், எனக்கு 13ஐத் தாண்டக்கூடாது. பேசிக்கிட்டே நடக்க முடியணும், பாட்டே பாட முடிஞ்சா நீங்க சோம்பேறித்தனம் பண்றீங்கம்மான்னு சிரிப்பாரு.

இப்ப என் மருமக. நான் சேர்லேந்து எந்திரிக்கத் தத்தளிக்கும்போது பக்கத்துலயே நின்னுக்கிட்டு கையைக் கட்டிக்கிட்டுப் பார்ப்பா, பார்க்க வந்த சொந்தக்காரங்க கல்நெஞ்சக்காரின்னு காதுபடவே சொன்னாங்க. அவ வாயே திறக்கல. தூக்கி விட்டுருந்தா இன்னைக்கும் யாராவது வந்து தூக்கணும்னு உக்காந்திருப்பேன். தினம் காலையில எடை பார்த்து நோட்டுல எழுதுனதும் அவதான், திடீர்னு ஏறுனா உடம்புல நீர் சேருதுன்னு அர்த்தமாம்.

எங்க வீட்டுக்காரர் நான் கனம் தூக்கிடக்கூடாதுன்னு வாளியை எல்லாம் ஒளிச்சு வச்சாரு. சிரிக்காதீங்க, ரிஹாப்ல, அதான் ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பைத் தேத்துற பயிற்சி வகுப்புல, பார்த்தா முக்கால்வாசி ஆம்பளைங்க, பொம்பளைங்க எங்கன்னு கேட்டா வீட்டு வேலைக்குத் திரும்பிப் போயிருப்பாங்க. இவர் அந்த வேலையைத் தானே எடுத்துக்கிட்டதாலதான் நான் ஒரு கிளாசும் விடாம போனேன்.

அங்க பழக்கமான வால்வு ஆபரேஷன் அக்கா, காரணமே இல்லாம நான் அழுது அழுது கெடந்தப்ப, எனக்கும் வந்துச்சுடி, இதையும் டாக்டர்கிட்ட சொல்லு, இது சகஜம், மருந்து இருக்குன்னு கூட்டிட்டே போனீங்க. மறக்கமாட்டேன் அக்கா.

எனக்கு ஏத்துன ரத்தத்தைக் கொடுத்தவங்க யாருன்னே தெரியாது, உங்களுக்கும் நன்றி. யார் பேராவது விட்டுப்போயிருந்தா போன் பண்ணி உரிமையோட திட்டுங்க, சாயங்காலம் மட்டும் வேணாம், நடக்கப் போயிருப்பேன்.