முதலில் தண்ணீர், பிறகு மரம்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் வீட்டில் டிவி சத்தமே இல்லை.

பூங்கா, வீதியோரம், கால்வாய்க்கரை என்று திறந்த வெளிகளைத் திட்டமிடும் நிலத்தோற்றக் கலை படிக்க வரும் பிள்ளைகளுக்கு அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். குளம், மதகு என்று காலம் தள்ளுகிற உனக்கு இதைச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

இந்த முறை ஸ்டூடியோ வகுப்புக்கு வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய ஒரு பகுதியைக் கொடுத்தேன். முதலில் வந்த வரைபடங்களில் நிழல் மரம், இருக்கை, நடைபாதை எல்லாம் அழகாக இருந்தன. மழையைத்தான் காணவில்லை. சரி, இது வகுப்பறையில் புரிகிற விஷயமில்லை என்று, நல்ல மழை கொட்டிய ஒரு பின்னேரம் குடைகளோடு வீதிக்குக் கூட்டிப் போனேன். வீதி நடுவே பூச்செடிப் பாத்தி இருக்கும் அல்லவா, அதன் மண் வீதியைவிட ஒரு சாண் உயரம். சுற்றிவரச் சீமெந்துக் கட்டு. கணுக்கால் அளவு தண்ணீர் அந்தக் கட்டை உரசிக்கொண்டு ஓடி வடிகானுக்குள் விழுகிறது, பாத்திக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. வெயில் வந்ததும் அதே செடிகளுக்குப் பவுசரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்! ஒரு மாணவி மழையிலேயே குந்தியிருந்து அடிமட்டத்தால் கட்டின் உயரத்தை அளந்தாள். அடுத்த வகுப்பில் அவள் வரைந்த குறுக்குவெட்டில் பாத்தி வீதியைவிடத் தாழ்ந்திருந்தது. கட்டு இடையிடையே வெட்டப்பட்டிருந்தது. தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்பி, மிஞ்சுவது கானுக்குப் போக ஒரு வழியும் விட்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

கஷ்டம் என்னவென்றால், கையில் கிடைக்கும் பாடநூல்களில் அநேகமானவை குளிர்நாட்டு மழைக்கு எழுதியவை. கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும், தை மாசியில் மண் காய்ந்து கிடக்கும். இரண்டையும் தாங்குகிற செடி வேண்டும். மருது மாதிரி மரங்களை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். அப்புறம் கணக்கு. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லீட்டர். அதை வாசலில் உள்ள சின்னப் பாத்தி குடித்துவிடும் என்று யாரும் என்னிடம் வரைந்து கொண்டுவர முடியாது.

யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் மழையைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுக்கும். இங்கே தாழ்ந்த பகுதிகளில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, மண்ணுக்குள் இடமில்லை. தண்ணீர் தங்கி நிற்க வெளி வேண்டும், அந்த வெளிதான் சதுப்பு நிலம். 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது உனக்கு நினைவிருக்கும். சதுப்பை நிரப்பி நிரப்பிக் கட்டிக்கொண்டு போனால் தண்ணீர் வேறு எங்கே போகும்? 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஆனாலும் என் பிள்ளைகளில் பலர் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் கால் வைத்ததே இல்லை. இப்போது வரைபடம் தொடங்கு முன்பே அங்கே கூட்டிப் போய்விடுகிறேன்.

கால்வாய் துப்புரவு செய்யும் ஐயா ஒருவரையும் வகுப்புக்கு அழைத்தேன். அவர் வரைபடத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நான் எங்கே நின்று குப்பையை இழுக்கிறது?" கரை முழுக்கச் செடி வரைந்திருந்தார்கள். அன்றே எல்லோரும் கரையில் படி விட்டு வரைந்தார்கள். இப்படி ஒருவர் வராத வருடம் இனி இருக்கக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஆவணிக் கடைசியில் பிள்ளைகளின் வேலைகளைப் பார்த்து விமர்சிக்க வெளியாட்களை அழைக்கிறோம். நீ கட்டாயம் வர வேண்டும். நீ தூர்வாரிய குளங்களின் அளவுகளையும் படங்களையும் கொண்டு வா, அவர்கள் கேள்வி கேட்டே உன்னைத் துளைத்துவிடுவார்கள். ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய். தங்குவது எங்கள் வீட்டில்தான்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி