இந்திரா சௌந்தர்ராஜன் நினைவு வாசிப்பு: கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

முக்கூடல், பாப்பாக்குடி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரத்து வாசகர்களுக்கும், பாளையங்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் மழையைப் பார்க்காமல் வந்து சேர்ந்தவர்களுக்கும் வணக்கம்.

எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். 1958-இல் சேலத்தில் பிறந்து, மதுரையையே தன் ஊராக்கிக்கொண்டவர். 66-ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாள்தான் பாக்கி இருந்தது. அவரை நினைத்து முக்கூடலில் நடத்திய வாசிப்பு மாலை நல்லபடியாக முடிந்தது. அது என் ஒருத்தியால் நடந்ததில்லை. கூட்டம் முடிந்த நேரத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் கிளம்பிவிட்டதால் மேடையில் யாருக்கும் முறையாக நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்காமாருக்கு. கூட்டத்தை நடத்தியது நாங்கள் சிலர் என்றாலும், இந்த ஊரில் அந்த எழுத்தாளரை வாழவைத்தது அவர்கள்தான். முக்கூடல் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சுளகும் கையுமாகப் பெண்கள் வந்து உட்காருவார்கள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூலைக் கட்டி, முகத்தை மடக்கி, கை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வாய்க்கும் காதுக்கும் வேலை இருக்காது. அந்தக் காதுக்குத்தான் மாத நாவல். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். பல நாள் அது நான்தான்.

மற்ற நாவல் என்றால் இடையிடையே பேச்சு வந்துவிடும். பீடிக்கடையில் இலையைக் குறைத்து எடை போட்டது, யார் வீட்டில் கல்யாணம் என்று திண்ணை கலகலக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் கதை என்றால் ஒரு சத்தம் வராது. ஒரு அத்தியாயம் முடிந்து நான் மூச்சு விட்டால்கூட, "ஏட்டி, நிறுத்தாம வாசி" என்று அதட்டல் வரும். இருட்டுவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும் என்றும் சொல்வார்கள். முடிக்காமல் போனால் ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேட வேண்டிவரும். பெயரில் இந்திரா இருந்ததால் வெகுநாள் அவரை ஒரு பெண் என்றே அக்காமார் நினைத்திருந்தார்கள். "அந்தப் பொம்பள எங்க வாழ்க்கையை எப்படித்தான் தெரிஞ்சி வச்சிருக்கோ" என்று ஒருத்தி சொன்னது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தத் திண்ணையில் இருந்தவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு அக்கா அன்று மேடைக்கு வந்து, 'கோட்டைப்புரத்து வீடு' கதையைத் தாள் இல்லாமல் சொன்னார். ஜமீன் குடும்பத்து ஆண் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாகத் துரத்தும் சாபம், அதைத் தேடிப் போகிறவர்கள், அந்த வீட்டின் இருட்டு எல்லாம் அவர் வாயிலிருந்து வரிசை மாறாமல் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் காதால் கேட்ட கதை. எங்கள் பக்கத்தில் ஜமீன் என்றாலே சிங்கம்பட்டிதான் கண்முன் வரும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் ஜமீன்தார் காட்சி தருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அக்காவும் கதை நடுவே அந்தத் தலைப்பாகையையும் வாளையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். நாவலில் இல்லாத அந்தச் சேர்க்கைக்கும் சேர்த்து என் நன்றி. எழுதியவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடுத்து வில்லுப்பாட்டுக் குழுவினருக்கு. எழுத்தாளர் நினைவுக் கூட்டத்தில் வில்லுப்பாட்டு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. மாத நாவல் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்தச் சீமை பயத்தை உட்கார்ந்து கேட்கப் பழகியிருந்தது. சுடலைமாடன் கோயில் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது, வாசலில் நிற்கும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும் ஊர் இது. மகுட மேளச் சத்தம் தூரத்தில் கேட்டாலே வயிற்றில் என்னவோ செய்யும். வில்லடிக்கும் அண்ணாச்சி அன்று முத்துப்பட்டன் கதையிலிருந்து கொஞ்சம் பாடினார். பட்டவராயனாகத் தெய்வமாகிச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்கும் அதே முத்துப்பட்டன்தான். பக்தர்கள் அவருக்குச் செருப்பு காணிக்கை வைப்பார்கள். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் நடந்து தேய்ந்த செருப்பாக இருக்கும் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற சேதி. வில் அடி நின்றதும் அண்ணாச்சி, "இதை அந்த மதுரைக்காரர் எழுதியிருந்தா, அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்கிறது யாருன்னு ஒரு ஆளை ராத்திரி காவலுக்கு வச்சிருப்பார்" என்றார். கூட்டம் கைதட்டியது. அவரைப் பற்றி அன்று பேசியதிலேயே சரியான விமர்சனம் அதுதான்.

ஏனென்றால் அவர் செய்தது அதுதான். சாமிக்குப் பக்கத்தில் சந்தேகப்படுகிற ஒரு ஆளை நிறுத்தினார். 'விடாது கருப்பு' கதையில் குதிரையேறி வரும் கருப்பு தண்டிக்கிறார் என்று ஊரே நம்பும். விசாரிக்க வருகிறவர்களோ மனித மனத்தின் நோயையும் மறைத்துவைத்த காயத்தையும் தேடுவார்கள். காரணம் கிடைத்தும்விடும். ஆனாலும் கருப்பு இல்லை என்று கதை சொல்லிவிடாது. நம்புகிறவரையும் நம்பாதவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிற இந்த வேலை சாதாரணம் இல்லை. 1990களின் பிற்பாதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில், அவர் கதைகளை வைத்து 'மர்மதேசம்' தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது, கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நிறைந்தார்கள். சாமியாடி வீட்டுப் பிள்ளையும் பகுத்தறிவு பேசுகிற வாத்தியார் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தது எங்கள் தெருவிலேயே நடந்தது.

அவரைப் பேய்க்கதை எழுத்தாளர் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவருடைய 'என் பெயர் ரங்கநாயகி' தமிழக அரசின் பரிசு பெற்ற நாவல் என்பது பலருக்குத் தெரியாது. 'சிருங்காரம்' திரைப்படத்தின் கதை அவருடையது என்பதும் தெரியாது. மாதம் தவறாமல் எழுதியவர்; எல்லாமே ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கம் தீர்ந்துவிட்டதே என்று அவசரமாக முடியும் நாவல்களும் இருக்கின்றன. ஆனால் பேருந்து நிலையக் கடையில் தொங்கிய மலிவான ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்க வைத்து, அங்கிருந்து நூலக உறுப்பினர் அட்டை வரைக்கும் எங்களைக் கூட்டிப்போனவர் அவர். என் தலைமுறையில் பலரும் இன்றைக்கு கனமான இலக்கியம் படிக்கிறார்கள் என்றால் அந்த வழியில்தான் வந்தார்கள்.

இதைத்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவும் வேறு விதமாகச் சொன்னார். புதுமைப்பித்தன் வளர்ந்த திருநெல்வேலியில் பேய்க்கதையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை என்று ஆரம்பித்து, 'காஞ்சனை' கதையை எடுத்துக்கொண்டார். வீட்டுவேலைக்கு வந்து சேரும் பிச்சைக்காரி யார் என்று கடைசிவரை சொல்லாமலே முடிகிற அந்தக் கதையிலிருந்து மாத நாவல் வரைக்கும் அவர் போட்ட பாதை எனக்குப் புதுசு. ஐயாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம். மகன் கைபிடித்துக் கூட்டிவந்தார். இருவருக்கும் நன்றி.

பழைய நாவல்களைத் தேடித் தந்த பாளையங்கோட்டை அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு கும்பிடு. பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் அவர், கட்டுக்கட்டாக எடைக்கு வந்த மாத நாவல்களைத் தூக்கிப்போடாமல், எழுத்தாளர் வாரியாகப் பிரித்து, பரணில் வைத்திருந்தார். அட்டை கிழிந்தவற்றுக்குப் பசை தடவி பழுப்புத்தாள் ஒட்டியிருந்தார். மாத நாவலைச் சேர்த்துவைப்பவர்கள் குறைவு. வாசித்து முடித்ததும் கைமாறி, கடைசியில் பொட்டலம் மடிக்கப் போய்விடும். அவர் மட்டும் இல்லையென்றால் கண்காட்சி மேசையில் வைக்க எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. விலை கேட்டபோது, "படிக்கத்தான கேக்கிய, கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். நூலகர் அம்மா தன் விடுமுறை நாளில் வந்து அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் பட்டியல் எழுதித் தந்தார்.

மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஊர்ப் பெரியவர்கள், மழைக்குத் தார்ப்பாய் கட்டிய பந்தல்கார தம்பிமார், மைக் செட் போட்டவர், சுக்குக்காபியும் சுண்டலும் போட்டுத் தந்த ஆச்சி எல்லோருக்கும் நன்றி. வாசிப்பு நடக்கும்போது விளக்கைக் குறைத்து, ஒற்றை பல்பை மட்டும் விட்டுவைத்த எலக்ட்ரீஷியன் தம்பி, எப்போது குறைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்த அத்தியாயத்தை முந்தின நாளே வாங்கிப் படித்துவிட்டு வந்தார். இப்படி ஒரு ஆள் எந்தக் கூட்டத்துக்கும் கிடைக்க மாட்டார்.

மதுரையிலிருந்து வந்த தோழிக்கும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் இறந்த செய்தியை முதலில் எனக்குச் சொன்னது அவள்தான். இறுதி மரியாதைக்கு எங்களால் போக முடியாதபோது எங்கள் எல்லோருடைய சார்பிலும் அவளே போய் மாலை போட்டுவந்தாள். அவருடைய ஆன்மிகச் சொற்பொழிவுகளைத் தொடர்ந்து கேட்டவள் அவள். நான் நாவல் மட்டும் படித்தவள். பேய்க்கதைக்காரரும் சொற்பொழிவாளரும் எப்படி ஒரே ஆள் என்ற என் கேள்விக்கு அன்று ராத்திரி தாமிரபரணிப் பாலத்தில் நடந்துகொண்டே அவள் பதில் சொன்னாள். பயத்தில் கும்பிடுகிறவனும் அன்பில் கும்பிடுகிறவனும் நிற்பது ஒரே கோயில் நடையில்தான், அவர் இரண்டு பேருக்கும் கதை சொன்னார் என்றாள்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு. எட்டாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் வாசிப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, மிச்சக் கதையை இப்பவே தாங்க என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும் அவர்களைப் போன்றவர்களுக்காகவும், பாளையங்கோட்டை அண்ணாச்சி தந்த புத்தகங்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணை அலமாரியில் இருக்கின்றன. சனி, ஞாயிறு மதியம் யார் வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம். பேரை நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள், படித்துவிட்டுக் கொண்டுவந்து வையுங்கள். திண்ணையில் இன்னமும் நாலைந்து அக்காமார் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். சத்தமாக வாசிக்கத் தயார் என்றால் அவர்களிடம் சொல்லுங்கள், இடம் போட்டுத் தருவார்கள்.