சினை ஊசிக்கு முன் காளை எண்ணைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலப்பின மாடுகளின் கறவை குறைவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தீவனத்தையும் வெயிலையும் சொன்னது. சினை ஊசியில் போவது எந்தக் காளையின் விந்து என்பதைத் தொடவே இல்லை. பல தொழுவங்களில் கோளாறு தொடங்குவதே அங்கேதான்.

நாட்டு மாட்டுக்கு ஜெர்சி என்ற அயல்நாட்டு இனக் காளையின் ஊசி போட்டால் பிறக்கும் கிடேரிக்கு ஜெர்சி ரத்தம் 50 சதவீதம். அதற்கும் ஜெர்சியே போட்டால் 75, அடுத்து 87.5. ரத்தம் ஏற ஏறப் பாலும் ஏறும் என்று நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு இனம் சேர்ந்ததால் முதல் கலப்பில் கிடைத்த வீரியம் அடுத்த தலைமுறையிலேயே பாதியாகிவிடும். பிறகு சித்திரை வெயிலில் மூச்சிரைப்பு, சினை நிற்காத தொல்லை. சமவெளியில் 50 முதல் 62.5 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது. 75 சதவீத மாட்டுக்கு 50 சதவீதக் கலப்பினக் காளையின் விந்தைப் போட்டால் கன்று 62.5-க்கு இறங்கிவிடும். கலப்பினக் காளை என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்களிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

காளையின் விந்தை உறையவைத்து அடைத்த மெல்லிய குழாய்தான் உறைவிந்துக் குச்சி. அதன் மேல் காளை எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் அது குப்பைக்குப் போகிறது. அதற்குள் தேதி, மாட்டின் காதுவில்லை எண், காளை எண் மூன்றையும் நோட்டில் எழுதிவிட வேண்டும். கலப்பினக் கிடேரி ஒன்றரை வயதுவாக்கில் சினைக்குத் தயாராகும்போது, அதன் தகப்பன் குச்சியே ஊசி போடுபவரின் உறைவிந்துக் கேனில் இருக்கலாம். தெரியாமல் அதையே போட்டால் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய ரத்த உறவுக்குள் சேர்வதன் அளவு, 25 சதவீதம்: நோஞ்சான் கன்று, சினைக் கோளாறு, குறைந்த பால். பெண் கன்றுக்கான ஊசிக்கும் இது பொருந்தும். அது கன்று கிடேரியாகப் பிறக்கும் வாய்ப்பைத்தான் கூட்டும். பாலுக்குக் காளைதான் பொறுப்பு.

காளை பால் கறக்காது. அதன் தரம் மகள்களின் கறவையில்தான் தெரியும். அவை பிறந்து, வளர்ந்து, முதல் ஈத்துக் கறவை முடியப் பல ஆண்டு ஆகிவிடும். கேரளத்தில் 1963-இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வழியே வந்த சுனந்தினி என்ற கலப்பின மாடுகளுக்குப் பின்னால் இருப்பது, விவசாயிகளின் தொழுவத்திலேயே எடுத்த பால் கணக்கு. இப்போது இளங்கன்றின் மரபணுவைப் பார்த்தே தரம் கணிக்கிறார்கள். ஒப்பிடப் பால் கணக்கு இல்லையென்றால் அந்தக் கணிப்பும் ஊகம்தான்.

நம் சந்தைப் பேச்சில் ‘பதினைந்து லிட்டர் மாடு’ என்பது கன்று ஈன்ற ஆறேழு வாரத்தில் வரும் உச்சக் கறவை. தரகர் அதை மட்டும்தான் சொல்வார். மாதம் ஒருநாள் காலை, மாலை இரு கறவையையும் எடைபோட்டு எழுதினால் ஒரு ஈத்தின் 305 நாள் பால் கணக்கு ஓரளவு துல்லியமாக வந்துவிடும். கன்று குடிக்கும் பால் இதில் சேராது. ஆகவே எல்லா மாட்டுக்கும் கன்று விடும் முறை ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

சினை ஊசி ரசீதில் காளை எண், அதன் அயல்ரத்த சதவீதம், தாய்ப்பசுவின் ஈத்துப் பால் அளவு ஆகிய மூன்றையும் அச்சிட்டுத் தரவும், கலப்பினக் காளைக் குச்சிகளைக் கிளை நிலையங்களிலும் இருப்பு வைக்கவும் கால்நடைத் துறையை உங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

— கறவை மாடு வளர்ப்போர் சிலர்,
ஈரோடு மாவட்டம்