நூல் எங்கே அறுந்தது

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சலித்துக்கொண்டது மனதிலேயே நிற்கிறது. உங்கள் வைஸ் பிரசிடெண்ட் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசியும், "டெஸ்டிங் டீம்ல இருந்த பழைய கதையத்தான்ப்பா சொன்னாரு, முன்னேற ஒரு வழியும் சொல்லல" என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1986-ல் கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அப்ரண்டிசாகச் சேர்ந்தேன். குவாலிட்டி கண்ட்ரோலில் வேலை. ராப் ரீல் என்கிற சுற்றும் கருவியில் 120 கஜம் நூலைச் சுற்றி, எடை போட்டு, நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லும் கவுண்ட் பார்க்க வேண்டும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 840 கஜம் கொண்ட சிட்டம், அதாவது நூல் கட்டு, 40 இருக்கும். கணக்கில் நான் கெட்டிக்காரன்.

ஒரு கோடையில், மத்தியான ஷிப்டில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷினில் நூல் அறுப்பு கூடியது. நூறு ஸ்பிண்டிலுக்கு, அதாவது நூல் சுற்றும் கதிருக்கு, மணிக்கு எத்தனை அறுப்பு என்று எண்ணி, 'சைடர்களின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். சைடர் என்றால் ரிங் ஃப்ரேமைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி. ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் என்று போனேன்.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா தம்பி?" இவ்வளவுதான் கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை. எழுந்து என்னோடு ரிங் ஃப்ரேமுக்கே வந்தார். வயதான சைடர் ஒருவர் அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு நாளா இப்படித்தானுங்க. வெயில் ஏறுனா காத்து காஞ்சு போகுதுங்க, நூலு நிக்கமாட்டேங்குது." போய்ப் பார்த்தால், ஈரக் காற்று அனுப்பும் பிளாண்டில் தண்ணீர் பீய்ச்சும் நாசில்கள் பாதிக்குமேல் அடைத்துக் கிடந்தன. ஈரப்பதம் குறைந்தால் பருத்தி நூல் வலுவிழக்கும் என்று பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன்.

ஜி.எம். திட்டவில்லை. அந்த ரிப்போர்ட்டிலேயே சைடர் சொன்னதையும் அவர் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதும்போது கை கூசியது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பெரிய பதவியில் இருப்பவர் தன் ஆரம்ப காலத்தை ஒரு பயிற்சிப் பெண்ணிடம் மெனக்கெட்டுச் சொல்கிறார் என்றால், அதற்குள் அவர் அடிபட்ட இடம் ஒன்று இருக்கும். அடுத்த முறை ப்ரமோஷனைப் பற்றிக் கேட்காதே. அவர் தப்பாக எடுத்த முடிவு எது, அதை யார் அவரிடம் சொன்னார்கள் என்று கேள். இப்போது பேசியதை மறப்பதற்குள் நோட்டில் எழுதிவை. இரண்டு வரியில் நன்றி சொல்லி மெயில் போடு. ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதை வைத்து என்ன செய்தாய் என்று இன்னொரு மெயில். எங்கள் ஜி.எம்.மிடம் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் ரிடையர் ஆன அன்று எனக்கு ராத்திரி ஷிப்ட்; மாற்றிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அம்மா கூரியரில் முறுக்கு அனுப்பியிருக்கிறாள். உங்கள் ஆபீசில் ராத்திரி வரைக்கும் டெஸ்டிங் பார்க்கிற அக்கா ஒருத்தரைப் பற்றிச் சொன்னாயே, பாதி டப்பா அவருக்கு. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா