செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: 121 தோல்விகளுக்குப் பிறகு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். எல்லாருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

நம் சங்கத்தின் நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிட்டு, சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி சேர்ப்பதுதான் வழக்கம். இந்த முறை அணியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த சீசனில் சங்கத்தின் பெயரில் டிக்கெட் வாங்கக் கூடாது என்று சில உறுப்பினர்கள் தீர்மானம் கொடுத்திருக்கிறார்கள். அதன் மீது இன்று நீங்கள் வாக்களிக்கப் போகிறீர்கள். அதற்கு முன் நடந்ததையெல்லாம் ஒரு தடவை கோவையாகப் பார்த்துவிடுவது நல்லது.

சென்ற ஆண்டு நம் அணி 162 ஆட்டங்களில் 41 வென்றது, 121 தோற்றது. 1901க்குப் பிந்தைய மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் போட்டியில், எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்களில் தோற்றதில்லை. 1962இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றது. ஆனால் அது அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்க்கப்பட்ட அணி. நம்முடையது மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1901 முதல் ஆடிவரும் அணி. 2005இல் ஹூஸ்டனை நான்குக்கு நான்கு வென்று வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பையை எடுத்த அணி. அவ்வளவு பின்னால் போக வேண்டாம், 2021இல் 93 ஆட்டங்கள் வென்று டிவிஷனில், அதாவது லீகின் நம் உட்பிரிவில், முதலிடத்தில் இருந்தோம். அங்கிருந்து மூன்றே வருடத்தில் இந்த நிலைக்கு வந்துவிட்டோம்.

சீசன் தொடங்கும்போதே 25 ஆட்டங்களில் 3 வெற்றி, 22 தோல்வி. ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்விகள். அமெரிக்கன் லீகில் 1988இல் பால்டிமோர் வைத்த சாதனைக்குச் சமம். ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில் 5–1 என்று வென்று அந்தத் தொடர் முடிந்தது. இரண்டு நாள் கழித்து அணியின் பயிற்சியாளரான மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். மீதி சீசனை கிரேடி சைஸ்மோர் இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் உள்ளூரில் நடந்த மூன்று ஆட்டங்களுக்கும் நம் உறுப்பினர்கள் போயிருந்தார்கள். அப்போது 120 தோல்விகள் ஆகியிருந்தன. அணியை விற்றுவிடு என்று அரங்கமே கத்தியது. ஆனால் ஏஞ்சல்ஸுக்கு எதிரான அந்த மூன்றையும் நம் பையன்கள் வென்றார்கள். 121ஆவது தோல்வி செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் வந்தது. அதற்கு அடுத்த இரண்டு ஆட்டங்களையும், அதே டெட்ராய்ட்டில், வென்றுதான் சீசனை முடித்தார்கள். பத்திரிகைகள் 121ஐ மட்டும் எழுதின. கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்து வெற்றி என்பதையும் இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒன்றும் மிச்சமில்லாத நேரத்திலும் அவர்கள் ஆடினார்கள்.

தீர்மானம் கொடுத்தவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன். 2016 டிசம்பரில் இடக்கைப் பிட்சர் (பந்து வீசுபவர்) கிறிஸ் சேல் என்பவரை பாஸ்டனுக்குக் கொடுத்து, யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் போன்ற இளைஞர்களை வாங்கினார்கள். அணியைப் புதிதாகக் கட்டுகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். 2020இலும் 2021இலும் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்றுகள்) வந்தது, இரண்டு முறையும் முதல் சுற்றோடு முடிந்தது. 2023இல் 101 தோல்வி. அந்த ஆகஸ்டில் அணி நிர்வாகத்தை நடத்திய கென்னி வில்லியம்ஸும் ரிக் ஹானும் நீக்கப்பட்டு, உள்ளிருந்தே கிறிஸ் கெட்ஸ் பொது மேலாளர் ஆனார். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. 2024 மார்ச்சில் டிலன் சீஸ் சான் டியேகோவுக்குப் போனார். டிசம்பரில் காரெட் குரோஷே, இவரும் இடக்கைக்காரர், அதே பாஸ்டனுக்கே போனார். 146 இன்னிங்ஸில் 209 ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்கவிடாமல் அவுட் ஆக்குவது) எடுத்த பிட்சர் அவர். எட்டு வருடத்தில் ஒரே கதை இரண்டு முறை. அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த ஐந்து வருட 75 மில்லியன் டாலர்தான். சிகாகோ போன்ற ஊரில் இருந்துகொண்டு இவ்வளவுதானா செலவு செய்வது என்று கேட்பதில் என்ன தவறு? உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப் 1981 முதல் இந்த அணியை வைத்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தோற்றால் டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், நல்ல இடமாவது கிடைக்கும் என்று நினைத்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். லீகின் வருமானப் பகிர்வில் பணம் கட்டும் பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் குலுக்கலில் முடிவாகும் முதல் இடங்களை (லாட்டரித் தேர்வு) பெற முடியாது. போன வருடம் ஐந்தாவது இடத்தில் ஹேகன் ஸ்மித்தை எடுத்துவிட்டதால், இந்த ஜூலையில் பத்தாவது இடம்தான் கிடைக்கும்.

சரி, இந்த சீசன். புதிய மேனேஜர் வில் வெனபிள். மைதானத்துக்கும் டிசம்பரில் பெயர் சுருங்கி ரேட் ஃபீல்ட் ஆகிவிட்டது. நம்மில் பாதிப் பேர் இன்னும் பழைய பெயரான கொமிஸ்கி என்றுதான் சொல்கிறோம். மார்ச் 27 அன்று முதல் ஆட்டத்தில் ஏஞ்சல்ஸை 8–1 என்று வென்றோம். ஷான் பர்க் ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்கூட விடாமல் வீசினார். சில நாள் கழித்து மார்ட்டின் பெரஸ் மின்னசோட்டாவுக்கு ஆறு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸை எட்டுவது) கொடுக்கவில்லை. அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் தீபாவளிதான். பிறகு தோல்விகள் வரிசையாக வந்தன. பெரஸும் ஏப்ரலிலேயே முன்கை வலியால் ஒதுங்கினார். லூயிஸ் ராபர்ட்டின் மட்டை இன்னும் விழிக்கவில்லை. டிவிஷனில் கடைசியில் இருக்கிறோம்.

இருந்தாலும் ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை, புத்தாண்டுக்கு முந்தின நாள் நடந்ததை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். குரோஷே பாஸ்டன் சட்டையில் நம் மைதானத்துக்கு வந்தார். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் முதல் ஏழில் நமக்கு ஒரு ஹிட்கூட இல்லை. நம் சொந்தப் பிள்ளையே நம் மைதானத்தில், நமக்கு எதிராக நோ-ஹிட்டர், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காத முழு ஆட்டம், போடப் போகிறார் என்ற நிலை. நம் வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் நன்றாக வீச வேண்டும் என்றும் இருந்தது, இது நடந்துவிடக் கூடாது என்றும் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். மட்டையோடு வந்தவர் சேஸ் மைட்ராத். குரோஷேக்குப் பதிலாக பாஸ்டன் கொடுத்த நால்வரில் ஒருவர், அந்த வார இறுதியில்தான் மேஜர் லீகுக்கே வந்தவர். அவர் அடித்தார் ஹிட். ஆட்டம் 3–1 என்று பாஸ்டனுக்குப் போனது. ஆனாலும் குரோஷே வெளியே போகும்போதும் எழுந்து கைதட்டினோம், மைட்ராத்துக்கும் தட்டினோம். அன்று மைதானத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இந்த வர்த்தகம் என்றால் என்ன, யார் போனார், யார் வந்தார் என்பதெல்லாம் ஒரே பந்தில் புரிந்துவிட்டது.

இன்னொருவர் ஷேன் ஸ்மித். டிராஃப்டில் யாருமே எடுக்காத பிட்சர். மில்வாக்கி அணியின் கீழ்நிலையான மைனர் லீகில் இருந்தவரை டிசம்பரில் ரூல் 5 என்ற, மற்ற அணிகளின் மைனர் லீக் வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக நம் அணி எடுத்தது. இப்படி எடுத்தவரை சீசன் முழுக்க மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய அணிக்கே திருப்பித் தர வேண்டும். ஜெயிக்கும் அணி எதுவும் இவருக்கு ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் இடம் கொடுத்துப் பார்த்திருக்காது. நம் அணி கொடுத்தது. இந்த ஏப்ரலில் எனக்கு அதிக நம்பிக்கை தந்தவர் இவர்தான்.

சங்க வேலைகளுக்கு வருகிறேன். இந்த வருடம் நம்மை அதிகம் அலைக்கழித்தது தொலைக்காட்சி. அக்டோபரில் ஒயிட் சாக்ஸ் ஆட்டங்கள் புதிய சேனலுக்கு மாறின. நம் உறுப்பினர்கள் பலர் அப்போது வைத்திருந்த கேபிளில் அந்தச் சேனல் வரவில்லை. ஆனால் சிகாகோ சுற்றுவட்டாரத்தில் ஆண்டெனா வைத்தால் அப்போது காசில்லாமல் பார்க்க முடிந்தது. நம் இளைஞர்கள் சிலர் முதல் ஆட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய், ஜன்னலோரம் ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்து, சேனலைத் தேடிக் கொடுத்தார்கள். தனியாக இருக்கும் நம் மூத்த அம்மாக்கள் இரண்டு மூன்று பேருக்கு மாலை நேரம் இந்த ஆட்டம்தான் துணை. அந்த இளைஞர்களுக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. தூரத்தில் இருக்கும் சில வீடுகளில் இன்னும் படம் தெளிவாக வருவதில்லை. அதற்குக் கூரை ஆண்டெனா போடலாமா என்று பொருளாளர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரியில் பிரிட்ஜ்போர்ட்டின் ரமோவா தியேட்டரில் சாக்ஸ்ஃபெஸ்ட் என்ற ரசிகர் விழா மீண்டும் நடந்தது. 2020க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நம்மவர்கள் போய் வந்தார்கள். குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கான, ஆட்டத்தைக் குறித்து எழுதும் ஸ்கோர்புத்தக வகுப்பு தடையில்லாமல் நடந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஆட்டத்துக்கு முன் நடக்கும் நம் சாப்பாடு எப்போதும்போல. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் பழக்கமாகிவிட்டன. உள்ளே போனதும் எலோட்டே என்ற மெக்சிகன் சோளத்துக்கு வரிசையில் நிற்பதும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்போது தீர்மானம். செயலாளர் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லும் உரிமையைத் தலைவர் கொடுத்திருக்கிறார். நான் இதற்கு எதிராக வாக்களிப்பேன். நாம் வாங்கும் டிக்கெட்டின் காசு உரிமையாளருக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் நாம் வராவிட்டால் அது முதலில் தெரியப்போவது அவருக்கு அல்ல. பர்க்குக்கும் மைட்ராத்துக்கும் ஸ்மித்துக்கும்தான் தெரியும். கிறிஸ் சேல் என்பவரை அனுப்பியதும் குரோஷேயை அனுப்பியதும் அவர்கள் இல்லை. உரிமையாளர் மேல் உள்ள கோபத்தைக் கடிதமாக எழுதுவோம், எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கடிதத்தின் வரைவை நானே தயாரித்து வைத்திருக்கிறேன், இன்று மேசையில் இருக்கிறது. பெனின்டெண்டி ஒப்பந்தத்தை மிஞ்சும் ஒரு பிட்சர் ஒப்பந்தம் எப்போது வரும் என்ற கேள்விதான் அதன் முதல் வரி. மைதானத்துக்குப் போவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளை ஸ்கோர்புத்தகம் எழுதப் பழகுவது தொலைக்காட்சி முன்னால் நடப்பதில்லை.

தீர்மானம் தோற்றால் அடுத்த குழுப் பயணம் ஜூலை 11. 2005 அணியின் இருபதாம் ஆண்டு விழா, அந்த அணியின் பிட்சர் மார்க் பியூர்லியின் சிலைத் திறப்பு. 2009 ஜூலை 23 அன்று அவர் வீசிய பெர்ஃபெக்ட் கேமை (எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாத முழு ஆட்டம்) பார்த்த பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்வரிசை. பெயர் கொடுக்க மே கடைசி வரை நேரம். வண்டி இல்லாதவர்கள் ரெட் லைன் ரயிலில் சாக்ஸ்–35ஆவது தெரு நிலையத்தில் இறங்கினால் போதும், அங்கிருந்து கூட்டிப்போக ஆள் இருக்கும்.

கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் செலுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விதிப்படி அப்போதுதான் வாக்குரிமை.

இப்படிக்கு,
செயலாளர்
சிகாகோ, ஏப்ரல் 2025